தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படப்பிடிப்பு வேலைக்கு எந்த வாசல் வழியாக நுழைவது?

ஒரு தாயார் கேட்டது, சுருக்கமாக: "2009-இல் கோயம்புத்தூரிலிருந்து டர்பன் வந்தோம். நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. மகளுக்கு 19 வயது, மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டாள். டைரக்டர் ஆக வேண்டும், சினிமா, டிவி வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். தனியார் திரைப்படக் கல்லூரிக்கு மூன்று வருடம் பணம் கட்டலாமா? அந்தத் துறையில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. பெண்பிள்ளையை நம்பி அனுப்பலாமா?"

கல்லூரிக்குப் பணம் கட்டும் முன்பு ஓட்டுநர் உரிமத்துக்குக் கட்டுங்கள். எந்தத் தாய் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கல்யாணமாகி பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்தவள் நான். பதினேழு வருடமாக இங்கே தயாரிப்பு அலுவலகங்களில் வேலை. எடுபிடி வேலை செய்யும் ரன்னராகச் சேர்ந்தேன், இப்போது ஆட்களையும் ஏற்பாடுகளையும் ஒருங்கிணைக்கும் புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டர். புதிதாக வேலை தேடும் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். உரிமம் உண்டா, எடுத்து வர வண்டி உண்டா என்ற வரியைத்தான் என் கண் முதலில் தேடும். படப்பிடிப்பு காலை ஐந்து மணிக்குக் கூடும். இடம் இனாண்டாவாக இருக்கலாம், உம்ட்லோட்டி கடற்கரையாக இருக்கலாம், ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கின் உள்ளே ஒரு பண்ணையாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அங்கே போக டாக்ஸி வேனும் கிடையாது, பேருந்தும் கிடையாது. வடபழனியில் விடியற்காலை யூனிட் வண்டி நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ரன்னர் தன் பாட்டுக்கு வந்து சேர வேண்டும். வந்த பிறகும் பாதி வேலை வண்டியில்தான்: அச்சிட்ட தாள்களை வாங்கி வருவது, மறந்துபோன ஒரு உடையை எடுத்து வருவது, பேட்டரி வாங்கி வருவது. 17 வயதில் லேனர்ஸ் என்ற பழகுநர் உரிமத் தேர்வு எழுதலாம், 18-இல் கார் ஓட்டும் உரிமம் வாங்கலாம். உங்கள் மகளுக்கு 19. உரிமத்துக்குத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகும் ஊர் இது, ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள்.

அடுத்தது, எந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்பது. பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே 'சினிமா' என்று நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அது மூன்று ஊர்களில் மூன்று விதமான தொழில். கேப்டவுனில் வெளிநாட்டுத் தயாரிப்புகளும் விளம்பரங்களும். 2010-இல் திறந்த கேப்டவுன் ஃபிலிம் ஸ்டூடியோஸில்தான் நெட்ஃபிளிக்ஸின் 'ஒன் பீஸ்' மாதிரி பெரிய தொடர்கள் கப்பல்களையே கட்டிப் படமெடுத்தன. ஜோகன்னஸ்பர்க்கில் தொலைக்காட்சி: ஆக்லண்ட் பார்க்கில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி, ராண்ட்பர்க்கில் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான மல்டிசாய்ஸ், இவற்றைச் சுற்றித் தொடர் எடுக்கும் நிறுவனங்கள். நம் டர்பன் இவற்றைவிடச் சின்ன ஊர். ஆனால் தினத்தொடர் வந்த பிறகு இங்கே நிலைமை மாறிவிட்டது. 2015-இல் டர்பனின் க்வாமாஷு பகுதியை மையமாக வைத்து 'உசாலோ' தொடங்கியது. நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் தொடராக அது ஆன பிறகு, கேமரா, லைட், ஒலி, உடை என்று எல்லாத் துறையிலும் டர்பன் பிள்ளைகள் டர்பனிலேயே தொழில் கற்க வழி பிறந்தது. 2018-இல் இந்த நாட்டு ஈடிவி சேனலுக்காக இங்கே தொடங்கிய 'இம்பேவு' 2023-இல் நின்றது. ஒரு தொடர் நின்றால் நூறு வீட்டில் சம்பளம் நின்றது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அதுவும் சேர்த்திதான். மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நம்மவர் கதையும் இங்கே படமாகியிருக்கிறது. டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தின் குடும்பங்களை வைத்து ஜெயன் மூட்லி இயக்கிய கந்தசாமி படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் படம் 2017-இல் வந்தது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே, இதே டர்பனில் பிறந்த ஆனந்த் சிங் 'சரஃபினா!' படத்தை 1992-இல் தயாரித்தார். பின்னர் மண்டேலாவின் வாழ்க்கையையும் படமாக்கினார். நம் மாதிரிப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே இடம் உண்டா என்று தயங்க வேண்டாம். ஆனால் தமிழ் தெரிந்ததால் மட்டும் கிடைக்கிற வேலை இந்த ஊரில் மிகக் குறைவு. சன் டிவியும் கேடிவியும் டிஎஸ்டிவி என்ற கட்டணச் சேவையில் தெரிகின்றன, அவற்றின் வேலையெல்லாம் சென்னையில் நடக்கிறது. எஸ்ஏபிசியின் லோட்டஸ் எஃப்எம் 1983-இலிருந்து இங்கே இருந்து ஒலிக்கிறது. அது வானொலி. மைக் முன் பேசவும், நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சியை முடிக்கவும் பழகலாம் என்பதால் மதிப்பான இடம்தான், ஆனால் ஆள் எடுப்பது அபூர்வம்.

நம் வீடுகளில் சினிமா என்றால் கோடம்பாக்கம்தான் மனதில் இருக்கிறது. அந்தப் படத்தை அழித்துவிட்டு வந்தால்தான் இங்கே கால் ஊன்ற முடியும். நம் ஊரில் ஒரு இயக்குநரிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்து, ஐந்து ஆறு வருடம் கூடவே இருந்து, பிறகு தனிப்படம் செய்வது வழக்கம். இங்கே அசிஸ்டென்ட் டைரக்டர் என்பவர் அன்றைய நேரத்தை ஆள்பவர். எந்தக் காட்சி எப்போது, யார் எத்தனை மணிக்கு மேக்கப்பில் உட்கார வேண்டும், மழை வந்தால் எதை முதலில் எடுப்பது என்பதுதான் அவர் வேலை. அது தனித் தொழில், அதிலேயே முப்பது வருடம் இருந்து ஓய்வு பெறுகிறார்கள். காட்சித் தொடர்ச்சியை, அதாவது கன்டினியூட்டியை, நம் ஊரில் உதவி இயக்குநர்களே பார்ப்பார்கள். இங்கே அதற்குத் தனி ஆள், தனிச் சம்பளம். சென்னையில் பெப்சி சங்கத்து அட்டை இல்லாமல் செட்டில் வேலை செய்வது கஷ்டம். இங்கே அப்படி ஒரு கட்டாய அட்டை இல்லை. நடிகர்கள், எடிட்டர்கள், எழுத்தாளர்களுக்குச் சங்கங்கள் உண்டு, சேருவது அவரவர் விருப்பம். அட்டை இல்லாததால் யாரும் உள்ளே வரலாம், அதே காரணத்தால் யாரையும் நாளை கூப்பிடாமலும் விடலாம்.

அதனால் "டைரக்டர் ஆக வேண்டும்" என்று எழுதாமல், ஒரு துறையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கேமரா, ஒலி, லைட், கலை, உடை, லொகேஷன், கன்டினியூட்டி, எடிட்டிங், அலுவலகம், கணக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஒரு பயிற்சி ஆள். "எனக்கு எல்லாம் பிடிக்கும்" என்று எழுதும் பிள்ளையை எந்தத் துறைத் தலைவரிடம் அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. "ஒலித்துறையில் பயிற்சிக்கு வர விரும்புகிறேன்" என்று எழுதும் பிள்ளையின் கடிதத்தை ஒலிப்பதிவாளருக்கு அப்படியே அனுப்பிவிடுவேன். கேமராவுக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒலிக்கும் கன்டினியூட்டிக்கும் பயிற்சி ஆள் கேட்டால் எனக்குத் தேட வேண்டியிருக்கிறது.

கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கனவு காண்பதில்லை. தென்னாப்பிரிக்க அரசின் வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் படத் தயாரிப்புக்கு ஊக்கத்தொகை தருகிறது. வெளிநாட்டுத் தயாரிப்பு இங்கே செலவழித்த தகுதியான தொகையில் 25 சதவீதம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. அதற்குத் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். ஒவ்வொரு பெட்ரோல் ரசீதும், ஒவ்வொரு மதியச் சாப்பாட்டு பில்லும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யும் உதவிக் கணக்காளர், மற்றவர்கள் சும்மா இருக்கும் மாதங்களிலும் சும்மா இருப்பதில்லை. உங்கள் மகளுக்கு மெட்ரிக்கில் கணக்குப்பதிவியல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவளுக்கே தெரியாமல் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

எடிட்டிங் பக்கம் போக விரும்பினால், டேட்டா ராங்ளர் என்ற வேலையிலிருந்து தொடங்கலாம். கேமராவிலிருந்து வரும் கார்டுகளை வாங்கி, குறைந்தது இரண்டு தனித் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று மென்பொருள் வைத்துச் சரிபார்த்து, பெயரிட்டு, பட்டியல் எழுதி, கேமரா உதவியாளர் சொன்ன பிறகே கார்டை அழிக்க வேண்டும். கேட்கச் சின்ன வேலை. ஒரு கார்டு தொலைந்தால் ஐம்பது பேரின் ஒரு நாள் உழைப்பு தொலையும். அதை ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள் என்றால் அவள்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும், யோசியுங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை வீட்டுக் கணினியில் இன்றே இறக்கிப் பழகலாம், அதற்கு எந்தக் கல்லூரியும் வேண்டாம்.

மொழி. இதில் நம் குடும்பங்கள் செய்யும் ஒரு தவறு எனக்கு வருத்தம் தருகிறது. பள்ளியில் இரண்டாம் மொழி தேர்வு செய்யும்போது மதிப்பெண் எளிதாக வரும் என்று ஆஃப்ரிகான்ஸ் எடுக்க வைக்கிறோம். இந்த மாகாணத்தில் மக்கள் பேசுவது ஸூலு. உசாலோவின் வசனம் ஸூலு, செட்டில் பாதிப் பேச்சு ஸூலு. ஒரு ரன்னரின் முதல் கடமை, கேமரா ஓடும்போது தெருவில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துவது. க்வாமாஷு தெருவில் தலையில் சுமையோடு வரும் ஒரு பெரியம்மாவிடம் போய் ஆங்கிலத்தில் "ப்ளீஸ் வெயிட்" என்றால் அவர் ஏன் நிற்க வேண்டும்? அது அவர் தெரு. "சவுபோனா, மா" என்று வணக்கம் சொல்லி, "ங்கிசேலா" என்று தாழ்மையாகக் கேட்டு, ஒரு நிமிடம் என்று சொன்னால் நிற்பார், சிரித்தபடி நம் பிள்ளைக்கு இரண்டு வார்த்தை கற்றும் கொடுப்பார். உங்கள் மகளின் ஸூலு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரிப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரு ஸூலு ஆசிரியைக்குக் கொடுங்கள்.

இப்போது முதல் நாளைப் பற்றி. முந்தின இரவு எட்டு மணி வாக்கில் ஒரு தாள் வரும், அதற்குப் பெயர் கால் ஷீட். நம் ஊரில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. இங்கே அது நாளைய நாளின் முழு வரைபடம்: யார் எத்தனை மணிக்கு, எந்த இடம், வண்டி எங்கே நிறுத்துவது, சூரியன் எப்போது எழும் எப்போது விழும், மழை வருமா, பக்கத்து மருத்துவமனை எது, எந்த வரிசையில் காட்சிகள், எந்தக் காட்சிக்கு எந்தப் பொருள், சாப்பாடு எத்தனை பேருக்கு. புதுப் பிள்ளைகள் தங்கள் பெயருக்கு நேரே உள்ள நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். முழுத் தாளையும் படித்துவிட்டு வரும் பிள்ளையை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது காட்சியில் குழந்தை நடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், தாயார் உட்கார நிழலில் ஒரு நாற்காலி போட்டிருப்பாள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாக்கி டாக்கியில் பேசுவதும் ஒரு பழக்கம். கேட்டதும் "காப்பி" என்று ஒரு வார்த்தை. செய்ய முடியாவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். "பார்க்கிறேன்" என்று இழுக்கக் கூடாது. என் முதல் வருடத்தில், ஒரு நடிகரை அழைத்து வரப் போன வண்டி எங்கே என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "வந்துகொண்டிருக்கிறது" என்றேன். வண்டி கிளம்பவே இல்லை. அந்த ஒரு பதிலை நம்பி லைட்டை மாற்றிவிட்டார்கள், நாற்பது நிமிடம் போயிற்று. யாரும் கத்தவில்லை. அந்தப் படத்தில் மறுபடி என்னைக் கூப்பிடவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இந்தத் தொழிலில் இருக்கும் மரியாதை எனக்கு அன்றுதான் புரிந்தது.

யாரையும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய குறையில்லை. முதல் நாள் வேலை யார் மூலமாகவும் வரலாம், சிபாரிசு அதுவரைக்கும்தான் உதவும். இரண்டாவது முறை கூப்பிடுவார்களா என்பது அவள் கையில். இங்கே தினக்கூலி ஆட்களைப் பெரும்பாலும் விளம்பரம் போட்டு எடுப்பதில்லை. நாளைக்கு ஒரு ஆள் குறைகிறது என்றால் இரவு ஒன்பது மணிக்கு நான் மூன்று பேரைத் தொலைபேசியில் கூப்பிடுவேன், முதலில் எடுப்பவருக்கு வேலை. அந்த மூன்று பெயரில் ஒன்றாக ஆவதுதான் குறி. ஆகவே தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டரின் பெயரும் அதில் இருக்கும். இயக்குநருக்கு எழுதுவது வீண், கோஆர்டினேட்டருக்கு எழுத வேண்டும். நாலு வரி போதும்: எங்கே இருக்கிறேன், எந்தத் துறை, உரிமமும் வண்டியும் உண்டு, எந்த நாட்களில் வர முடியும். சிறு வயதிலிருந்தே சினிமா மேல் ஆசை என்ற வரி எல்லோர் கடிதத்திலும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

ஈத்தெக்வினி நகராட்சியின் டர்பன் ஃபிலிம் ஆபீஸ், மாகாணத்தின் சுற்றுலா மற்றும் திரைப்பட ஆணையம், இரண்டின் அறிவிப்புகளையும் பின்தொடரச் சொல்லுங்கள். பயிற்சிகள் அங்கேதான் முதலில் தெரியவரும். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979-இலிருந்து நடக்கிறது. அதோடு ஒட்டி 2010 முதல் டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற சந்தையும் கூடுகிறது. விழா நாட்களில் தொண்டராகப் போய் பேட்ஜ் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தால், இந்தக் கண்டத்தின் தயாரிப்பாளர்கள் பாதிப் பேரின் முகம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

விளையாட்டு ஒளிபரப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிங்ஸ்மீடில் கிரிக்கெட், கிங்ஸ் பார்க்கில் ரக்பி, மோசஸ் மபிடாவில் கால்பந்து, கிரேவில் மைதானத்தில் ஜூலை மாதக் குதிரைப் பந்தயம். ஒவ்வொன்றுக்கும் ஓபி வேன் என்ற நேரலை ஒளிபரப்பு வண்டி வந்து நிற்கிறது, கேபிள் இழுக்க ஆள் வேண்டும். மைதானக் கோட்டின் ஓரமாக ஓடும் கேமராக்காரரின் பின்னால் கேபிளைச் சுருட்டியும் விட்டும் ஓடுவது உடம்பு நோகும் வேலை. ஆனால் நேரலை என்ன வேகத்தில் நடக்கிறது என்பதைக் காதில் மாட்டிய கருவியில் நாள் முழுக்கக் கேட்கலாம். எனக்குத் தெரிந்த நல்ல கேமராக்காரர்களில் சிலர் அப்படிக் கேபிள் இழுத்து வந்தவர்கள்.

இன்னொன்று நம் கல்யாண வீடியோ. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் மண்டபங்களில் சனி ஞாயிறு தோறும் கல்யாணம். இரண்டு மூன்று கேமரா, ட்ரோன், நேரலை என்று அந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது. தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது, கெட்டிமேளச் சத்தத்தில் மந்திரம் கேட்க மைக்கை எங்கே வைப்பது என்று அங்கேதான் தெரியும். "கல்யாண வீடியோதானே" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன். இரண்டாம் கேமராவாக ஒரு வருடம் செய்தவளுக்கு ஒளியும் ஒலியும் கையில் படிந்திருக்கும், அதற்குக் கூலியும் வாங்கியிருப்பாள்.

இனி கல்லூரி. தனியார் திரைப்படக் கல்லூரி நல்லதா என்றால், நல்லதுதான். சக மாணவர்கள்தான் அங்கே கிடைக்கும் பெரிய சொத்து. பத்து வருடம் கழித்து அவர்கள்தான் ஒருவரை ஒருவர் வேலைக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ராண்டைத் தாண்டும் செலவை, வேலை எப்படி இருக்கும் என்று பார்க்காத பிள்ளைக்காகக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலையில் வீடியோ டெக்னாலஜி என்ற படிப்பு இருக்கிறது. அரசுப் பல்கலை, செலவு குறைவு, இடங்களும் குறைவு. ஆறு மாதம் ரன்னராக இருந்து பார்த்துவிட்டு, துறை எது என்று தெரிந்த பிறகு விண்ணப்பிக்கட்டும். வேலை செய்துவிட்டுப் படிக்க வருபவளுக்கு வகுப்பில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

சம்பளத்தோடு பயிற்சி தரும் திட்டங்கள் உண்டு. எம்ஐசிடி சேட்டா என்ற ஊடகத் துறைப் பயிற்சி அமைப்பின் லேனர்ஷிப்கள் இருக்கின்றன. திரைப்படம் படித்து முடித்தவர்களுக்கு எம்-நெட் சேனல் ஒரு வருடப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. இங்கே உங்கள் குடும்பத்துக்கு ஒரு கசப்பான செய்தி. இத்தகைய இடங்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கேட்கும், வசிப்புரிமை மட்டும் இருந்தால் போதாமல் போகலாம். குடியுரிமை வாங்கினாலும் இன்னொரு தடை இருக்கிறது. கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டத்தில் இந்திய வம்சாவளியினரும் 'கறுப்பினத்தவர்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஆனால் பிறப்பால் அல்லது வம்சத்தால் குடிமக்கள் ஆனவர்களும், 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவர்களும்தான் அதில் சேர்வார்கள். பிற்பாடு பெற்றவர்கள், முன்பே பெறும் தகுதி இருந்தும் இனவெறி ஆட்சியால் பெற முடியாமல் போனவர்களாக இருந்தால் மட்டும் சேர்வார்கள். 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேத்திக்கு உள்ள உரிமை, 2009-இல் வந்த குடும்பத்தின் மகளுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, அவர்கள் பட்டது வேறு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது நம் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பின்னால் மனம் உடைய வேண்டாம். சாதாரண வேலைக்கு வசிப்புரிமை போதும், அதில் தடையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உயர்கல்விக்கான மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பெற்றோருடன் வந்திருப்பவர்களின் விசாவில் வேலைக்கே அனுமதியில்லை.

பணம் பற்றி. எந்த வேலைக்கும் முன்னால் டீல் மெமோ என்ற ஒரு பக்கக் காகிதம் கேட்க வேண்டும்: நாள் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், மேற்கொண்டு போனால் என்ன, எப்போது பணம் வரும். என் மூன்றாவது வேலையில் ஒரு நிறுவனம் மூன்று மாதம் பணம் தரவில்லை. என்னிடம் காட்ட ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. அதன் பிறகு காகிதம் இல்லாமல் நான் காலணி மாட்டியதில்லை. 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. சம்பளம் தரும் தயாரிப்பில் அந்தந்த வருடக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யார் பேசினாலும் எழுந்து வந்துவிடலாம். மாணவர் குறும்படத்துக்கு இலவசமாகப் போவது வேறு, அது கற்றுக்கொள்ள. வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் விளம்பரத்துக்கு 'அனுபவம் கிடைக்கும்' என்று சும்மா கூப்பிட்டால் போக வேண்டாம்.

வாரம் 22 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யும் தற்காலிக ஊழியர்களின் கூலியில் 25 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து அதிர்ந்துபோவார்கள். முதலாளி தரும் ஐஆர்பி5 என்ற வரிச் சான்றுத் தாளை வாங்கி வைத்து வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். 2025-26-இல் ஆண்டு வருமானம் 95,750 ராண்டுக்குள் இருந்தவர்களுக்கு வருமான வரி இருக்கவில்லை; அந்தந்த வருட வரம்புக்குள் இருந்தால் பிடித்தது திரும்பி வரும்.

யாராவது 'பதிவுக் கட்டணம்', 'போர்ட்ஃபோலியோ கட்டணம்' என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2014-இன் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டப்படி வேலை தேடுபவரிடம் வேலை பிடித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நல்ல ஏஜென்ட் வேலை கிடைத்த பிறகு அந்தக் கூலியிலிருந்துதான் தன் பங்கை எடுப்பார். சாட்ஸ்வர்த்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று இப்படிப் பணம் இழந்த தாய்மார்களை எனக்குத் தெரியும்.

தொழிலின் இன்றைய நிலையையும் மறைக்கக் கூடாது. ஊக்கத்தொகை வழங்குவதில் நீண்ட தாமதம். 2025 ஜனவரியில் கேப்டவுனிலும் பிரிட்டோரியாவிலும் திரைத்துறையினர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பணம் வராததால் தயாரிப்புகள் தள்ளிப் போயின, அனுபவம் உள்ளவர்களே வீட்டில் இருந்தார்கள். ஆகவே முதல் இரண்டு வருடம் வேறொரு சின்ன வருமானம் வேண்டும், மாலையில் டியூஷனோ வார இறுதிக் கடை வேலையோ எதுவானாலும் சரி. அதில் வெட்கமில்லை, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் தாக்குப்பிடித்தோம்.

கடைசிக் கேள்வி, பெண்பிள்ளையை அனுப்பலாமா என்பது. செட்டில் தொல்லைகள் இருக்கின்றன, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் திரைத்துறைப் பெண்கள் சேர்ந்து ஸ்விஃப்ட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். படப்பிடிப்புகளில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும், புகார் செய்ய வழி இருக்க வேண்டும் என்று அவர்கள் போராடி நடைமுறைகளைக் கொண்டுவந்தார்கள். சேரும் முதல் நாளே "இங்கே பாதுகாப்புக்கு யாரிடம் பேச வேண்டும்?" என்று உங்கள் மகள் கேட்கலாம். நல்ல தயாரிப்பில் உடனே ஒரு பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் அந்தப் பெயர் கால் ஷீட்டிலேயே இருக்கும். பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் இடத்தில் இரவுக் காட்சிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆடிஷன், பேச்சுவார்த்தை என்று ஒருவர் வீட்டுக்கோ ஓட்டல் அறைக்கோ கூப்பிட்டால் போகவே கூடாது. அலுவலகம் இல்லாத தயாரிப்பாளர்கூடக் காபிக் கடையில் சந்திப்பார்.

அதைவிட அடிக்கடி வரும் ஆபத்து தூக்கம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அதிகாலை இரண்டு மணிக்கு எம்4 சாலையில் தனியாக வண்டி ஓட்டி வருவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. சட்டப்படி ஊழியருக்கு ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 12 மணி நேரம் ஓய்வு வேண்டும், இரவு வேலை என்றால் போக்குவரத்து இருக்கும்படி முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும். சுயதொழில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்தக் காப்பு நழுவிவிடுகிறது, ஆகவே இரண்டையும் டீல் மெமோவிலேயே எழுதி வாங்கட்டும். எழுதித் தர மறுத்தால் பகல் வேலைகளை மட்டும் எடுக்கட்டும்.

உரிமம் வரும்வரை முதல் சில வாரம் நீங்களோ அவள் அப்பாவோ கொண்டுபோய் விடுங்கள். என் மாமியார் எனக்கு அப்படிச் செய்தார். விடியற்காலை நாலரை மணிக்கு ஃப்ளாஸ்க்கில் தேநீரோடு வண்டியில் உட்கார்ந்திருப்பார், மகன் ஓட்ட, நான் பின்னால் கால் ஷீட்டைப் படித்துக்கொண்டே போவேன். ஆனால் யூனிட் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நூறு அடி முன்னாலேயே இறக்கிவிடச் சொல்வேன். உங்கள் மகளும் சொல்வாள். இறக்கிவிட்டு, அவள் வாக்கியைக் காதில் மாட்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.